மூன்றாமவரின் நயம்

இருவர் மாறுபட்டு நிற்கையில், 'அவரவர் நோக்கில் அவரவர் சரியே. அநேகாந்தம் அதைத்தானே சொல்கிறது' என்று கூறிச் சச்சரவை முடித்துவைக்கும் வழக்கம் நம் இல்லங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் உண்டு. சண்டை ஓய்கிறது; பிழையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஸ்யாத்வாதத்திற்கு இதனினும் பெரிய அவமதிப்பு இல்லை என்றே நாம் கருதுகிறோம். சற்றுத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டால் இதனை ஆராய்ந்து, பின்னர் நம் பாலாற்றங்கரைக்கு வருவோம்.

இணையம் வீடுதோறும் வருவதற்கு முன்னர், கணிப்பொறியில் நாட்டமுடைய தனிமனிதர்கள் தம் வீட்டுத் தொலைபேசியில் மோடம் என்னும் கருவியைப் பொருத்தி, பிறர் அழைத்துக் கடிதங்களை இடவும் படிக்கவும் 'அறிவிப்புப் பலகை'களை நடத்தினர். ஊதியம் இல்லை, ஆர்வமே கூலி. பம்பாய், பெங்களூர் நகரங்களிலும் இவ்வகைப் பலகைகள் இருந்தன. 1984-இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர், இப்பலகைகள் தாமே ஒன்றையொன்று இரவில் அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும் ஃபைடோநெட் என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

மென்பொருளில் நேரும் குற்றத்தை ஆங்கிலத்தில் 'பூச்சி' என்றே வழங்குவர். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியொன்றில் சிக்கி மடிந்திருந்த அந்துப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். அவ்வேடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. வழக்குச் சொல் அதற்கும் மூத்தது. (ஓருயிர் மடிந்ததை வேடிக்கையாக எழுதி வைத்திருப்பது நம்மவர் நெஞ்சைச் சற்று உறுத்தத்தான் செய்யும்.)

கடிதம் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர், 'குற்றம் உம் பலகையில்' என்பார். பெற வேண்டியவர், 'எம்மிடம் எல்லாம் ஒழுங்காகவே இயங்குகிறது' என்பார். இருவரும் பொய்யர் அல்லர். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் சமந்தபத்திர ஆசாரியர் தம் ஆப்தமீமாம்சையில், ஒரு பொருள் தன் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கினால் 'உண்டு' என்றும், பிறவற்றின் நான்கினால் 'இல்லை' என்றும் கொள்ளத்தக்கது என நிறுவுகிறார். எந்தப் பொறி, எவ்வூர்க் கம்பி, எந்நேரம், எந்நிலையில் என்னும் இந்நான்கையும் சொல்லாமல் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பிழையைத் தேடவே முடியாது என்பதை மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். 'ஸ்யாத்' என்பது 'இருந்தாலும் இருக்கலாம்' என்னும் தயக்கமன்று. 'இன்ன நோக்கில் திண்ணமாக' என்னும் வரையறை. அது தேடலைத் தொடங்கி வைக்குமேயன்றி முடித்து வைப்பதில்லை.

ஃபைடோநெட்டின் தொடக்க நாட்களில் ஒரு விபரீதம் நேர்ந்தது. பலகைகளின் எண்களைக் கொண்ட பட்டியலில் ஓரெண் தவறாகப் பதிந்துவிட, இயந்திரம் இரவில் முன்பின் அறியாத ஒருவர் வீட்டை அழைத்தது. எடுத்தவர் குரல் கொடுத்தாலும் இயந்திரத்திற்கு அது பொருளற்ற ஓசையே; இணைப்புக் கிட்டவில்லை எனக் கொண்டு மீண்டும் மீண்டும் அழைக்கும். மென்பொருள் செய்தவரைக் கேட்டால் மென்பொருளில் குற்றமில்லை. பலகை நடத்தியவரைக் கேட்டால் அவர் பட்டியலைத்தான் பின்பற்றினார். உறக்கம் கெட்டு எழுந்தவர் அந்த வாதத்தில் இடம்பெறவே இல்லை. மோடம் என்றால் என்னவென்று அவர் அறிந்திருக்கவும் நியாயமில்லை. ஆயினும் பிழை என்ன என்பதை உள்ளபடி அறிந்தவர் அவர் ஒருவரே. பிற நயங்களைப் பாராத நயம் பொய்யாகிவிடும் என்று அதே ஆசாரியர் கூறுவது, வாதிடும் இருவர் ஒருவரையொருவர் மதித்துக்கொள்வதோடு நிறைவெய்துவதில்லை. வாதத்திற்கு அழைக்கப்படாதவரின் நயமும் அதில் அடங்கும்.

அவ்வமைப்பின் 1989-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, பூசல்களைத் தீர்க்க இரண்டே நெறிகளைச் சுருங்கக் கூறியது: பிறரை அளவு கடந்து தொல்லை செய்யாதே, பிறரால் எளிதில் தொல்லையுறாதே. முன்னது அஹிம்சை, பின்னது உத்தம க்ஷமை என்று நம்மவர் உடனே கண்டுகொள்வர். ஆனால் பின்னதைப் பலகை நடத்துவோர் தமக்குள் பேணலாம். நள்ளிரவில் எழுப்பப்பட்டவரிடம் போய்ப் 'பொறுமை காட்டுங்கள்' என்று உபதேசிக்க அவர்களுக்கு உரிமையில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரையிலான தோல் பதனிடும் நிலையங்களின் கழிவு பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் நிலையங்களின் தரப்பில், நீரில் கரைந்துள்ள உப்புகளுக்கு விதித்த வரம்பு நியாயமன்று என்று வாதிட்டனர். தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டுவதையும், பலருக்கு வேலை தருவதையும் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அவையெல்லாம் மெய்யான நயங்களே. மறுபக்கம், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போயிருந்தது. கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்று நீதிமன்றம் அறிவித்து, நிலையம் ஒன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. கிணற்று நீர் உவர்த்துப்போன உழவர் வேதியியல் கற்றுவந்து வாதிட வேண்டுவதில்லை என்பதே இதன் பொருள்.

தோல் நம் தொழிலன்று என்று ஒதுங்கிக்கொள்வது நமக்கு எளிது. செருப்பை வாங்குவோராகவும், அந்நிறுவனங்களுக்குக் கணக்கும் மென்பொருளும் எழுதுவோராகவும் நம்மில் எவரேனும் இருப்பின், 'என் பகுதியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்னும் அவர்தம் சொல்லும் ஒரு நயமே. திரவியமும் க்ஷேத்திரமும் சொல்லித்தான் அதனைச் சொல்ல வேண்டும்.

அதே பாலாற்றுக்காக, அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பை வழங்கியது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு சேர வேண்டும், அதை மாசுபடுத்தியோரிடமிருந்து பெற வேண்டும் என்பது அதிலும் இடம்பெற்றது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள்.