நாற்காலியும் ஸஜ்தாவும்

நம் பள்ளிவாசலில் ஸப்பின் ஓரத்தில் முன்பு ஒரே ஒரு நாற்காலி கிடக்கும். இன்று ஏழு கிடக்கின்றன. அவற்றில் அமர்வோரில் நோயாளிகளும் தள்ளாத பெரியவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நாம் பேச வரவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, இரண்டே ஆண்டில் பத்துக் கிலோ கூடி, முழங்கால் வலி என்று அங்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். அக்கூட்டத்தில் நாமும் ஒருவராக இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. சலுகையில் ஐயமில்லை. ஆனால் அந்த இயலாமையை நாமே நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டு வளர்த்திருந்தால்? உத்தமபாளையத்தில் வயதான ஹஜ்ரத் ஒருவரிடம் இதைக் கேட்டோம். "தொழுகை கூடும், பாய். முழங்காலுக்கு உள்ள கணக்கு வேறு. அதை என்னிடம் கேட்காதீர்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நம்மைத் தூங்க விடவில்லை. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்து போகும் இரு அருட்கொடைகள் என்பது நபிமொழியின் கருத்து. பென்ஷன் உத்தரவு கைக்கு வரும் நாளில் இரண்டாவது மொத்தமாக வந்து விடுகிறது. முதலாவதும் பெரும்பாலோரிடம் அன்று ஓரளவு மிச்சமிருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அதன் பின் இருக்கும் நாட்களை நாம் தேநீர்க் கடை பெஞ்சிலும் திண்ணையிலும் செலவழித்தோம்.

'வயதாகி விட்டது, இனி ஆகிரத்தைத் தேடுவோம். உடம்பைப் பேணுவது துன்யா' என்பார்கள் நண்பர்கள். கேட்க இனிமையான பேச்சுதான். ஆனால் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய காலடிகள் எழுதப்படுகின்றன என்றார்கள். நாமோ நானூறு கஜ தூரத்திற்கு ஸ்கூட்டரை எடுக்கிறோம். ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் ஓட்டப்பந்தயம் வைத்ததும் ஹதீஸில் உண்டு. முதலில் அன்னையார் வென்றார்கள். பின்னர் உடல் சதை போட்டிருந்த காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, முன்னதற்கு இது சரியாயிற்று என்றார்கள். அந்த வீட்டில் உடல் உழைப்பு வெட்கத்திற்குரியதாக இருக்கவில்லை.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறுகிறது. இதை நம் டாக்டர் சொன்ன மறுநாளே சுப்ஹுக்குப் பின் வாய்க்கால் கரையில் இறங்கி விட்டோம். 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர்தான் அங்கே ஓடுகிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அதனால்தான். வயலில் நம் வயதுப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கத்தில் முதல் நாளே எட்டுக் கிலோமீட்டர் நடந்தோம். முழங்கால் வீங்கிப் பத்து நாள் கட்டிலில் கிடந்தோம்.

இளமையில் நோன்பையும் வணக்கத்தையும் அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள், நபியவர்கள் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என முதுமையில் வருந்தியது அப்போது நினைவுக்கு வந்தது. உடலுக்கு உம் மீது உரிமை உண்டு என்று அவர்களுக்குத்தானே சொல்லப்பட்டது! அந்த உரிமையைச் சோம்பலாலும் பறிக்கலாம், ஆவேசத்தாலும் பறிக்கலாம் போலும்.

பிறகு பத்து நிமிடத்தில் தொடங்கினோம். ஐந்து வக்துக்கும் நடந்தே பள்ளிக்குப் போனோம். இரவுச் சோற்றைப் பாதியாக்கினோம். வீட்டிலுள்ளவர்களையும் உடன் அழைத்தோம். அவர்களுக்கு ஓய்வு கொடுக்கும் உத்தரவு எந்தக் கருவூலத்திலிருந்தும் வருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாத்திரம் துலக்கும் வேலை நம் பங்குக்கு வந்தது.

பதினான்கு மாதத்தில் 86 கிலோ 79 ஆயிற்று. சிறிது கர்வமும் வந்தது என்பதை மறைப்பானேன்? நாற்காலியில் இருந்தவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினோம். ஒருநாள் பக்கத்து நாற்காலிக்காரர், தம் இடுப்பில் பொருத்திய ஆணிகளைப் பற்றித் தாமாகவே சொன்னார். அதன் பிறகு பார்வையை ஸஜ்தாச் செய்யும் இடத்திலேயே வைத்துக்கொள்கிறோம்.

இப்போது பர்ளுத் தொழுகையில் நெற்றி தரையில் படுகிறது. எழும்போது ஒரு கையை ஊன்றத்தான் வேண்டியிருக்கிறது. ரமளானில் தராவீஹின் பன்னிரண்டாம் ரக்அத்துக்குப் பின் நாற்காலிக்குப் போய் விடுகிறோம்.