சலவை அறையில் ஒரு கணக்கு

1998இல் வெளிவந்த 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' படத்தின் நாயகன் டெரெக், நெஞ்சில் ஸ்வஸ்திகா பச்சை குத்திய வெள்ளை இனவெறியன். தன் வண்டியைத் திருட வந்த கறுப்பின இளைஞர்களைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான்.

அங்கே அவனை முதலில் அசைப்பது போதனை அல்ல. (போதனைக்கு மசிகிற ஆளா அவன்?) சலவை அறையில் கூட வேலை பார்க்கும் கறுப்பினக் கைதி லமான்ட்டின் ஓயாத நையாண்டிதான். பேச்சுவாக்கில் ஒரு கணக்கும் வெளிவருகிறது: டிவி திருடிய லமான்ட்டுக்கு ஆறாண்டு, ஆளைக் கொன்ற டெரெக்குக்கு மூன்றாண்டு.

சிறையில் அவனை அடித்துச் சீரழிப்பதும் அவன் நம்பிய வெள்ளைக் கும்பலே.

பழைய நாட்களைக் கறுப்பு வெள்ளையில் காட்டும் இந்தப் படம் மனமாற்றத்தோடு முடிவதில்லை. விடுதலையாகி வீடு திரும்பினால், தம்பி டேனியின் தலையும் இனவெறிக் கும்பல்காரர்களைப் போல மொட்டை. அண்ணன் காட்டிய அதே வழி. அவனை மீட்க டெரெக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரே ஒரு நாள்.