‘இல்லை’ என்று எழுதிய கை

நிலையாமை என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. திருக்குறளும் நாலடியாரும் அதற்கெனத் தனி அதிகாரங்களே வகுத்துள்ளன. ஆயினும் அந்த உண்மையை ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்து, குடும்பத் தலைவரின் முகம் நோக்கி, அவர் மனைவி காபி கொண்டுவந்து வைக்கும் வேளையில் எடுத்துரைப்பது எளிதன்று. மும்பை மாநகரில் ஆயுள் காப்பீட்டு முகவராக 35 ஆண்டுகள் நாம் செய்த தொழில் அதுவே.

இறப்பைப் பேசிப் பொருள் ஈட்டுவது அறமாகுமா என்று நம்மைக் கேட்டோர் பலர். ஊரில் ஒருவர் மறைந்தால் நிலமும் உடன்பிறந்தாரும் பங்காளிகளும் அக்குடும்பத்தை ஓரளவு தாங்குவர். மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறிய நம்மவர்க்கோ மாதச் சம்பளம் ஒன்றே நிலம். அது நின்ற மாதமே வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். ஆகவே, பேச வேண்டியதைப் பேசாதிருப்பதே தவறு என்று விடை கூறி வந்தோம். அந்த விடையில் இன்றும் நமக்கு ஐயமில்லை. நம் உள்ளத்தை உறுத்துவது வேறொரு வினா.

காப்பீடு வேண்டுவோர் முதலில் முன்மொழிவுப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். அவருடைய உடல்நிலை பற்றிய வினாக்கள் அதில் வரிசையாக இருக்கும். தம் உடலைப் பற்றி அவர் அறிந்தது நிறுவனம் அறியாதது. ஆதலால் அவர் கூறும் விடையை நம்பியே ஒப்பந்தம் எழுகிறது. நடைமுறையிலோ முகவரே விடைகளை எழுதுவார். விண்ணப்பதாரர் படித்துப் பாராமலே கையொப்பமிடுவார்.

தொழிலில் இறங்கிய தொடக்க ஆண்டுகளில், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கிடங்கில் கணக்கெழுதிய அன்பர் ஒருவருக்குப் படிவம் நிரப்பினோம். சிறு தொகைக்கான பாலிசி. மருத்துவப் பரிசோதனை தேவைப்படவில்லை. “தம்பி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேனே, அதையும் எழுத வேண்டாமா?” என்று அவர் கேட்டார். “எழுதினால் வீண் தாமதம், அண்ணாச்சி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றோம். நம் மொழி பேசும் ஒருவர் கூறியதால் அவர் மேலும் வினவவில்லை. நோய் உண்டா என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியது நம் கை.

பதினோராம் மாதம் சிறுநீரகம் பழுதுற்று அவர் காலமானார். ஆறாண்டுகளாக நீரிழிவு இருந்த செய்தி மருத்துவமனைக் குறிப்பில் இருந்தது. உரிமைத்தொகை மறுக்கப்பட்டது. மறுத்தவர்மேல் பிழையில்லை. அந்த அம்மையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “அவர் உங்களிடம் மறைத்துவிட்டார் போலிருக்கிறது, தம்பி” என்று கணவர்மேலேயே பழியை ஏற்றினார். அப்போதும் நாம் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுடன் அவர் ஊர் திரும்பி ஓராண்டு சென்ற பின்னரே உண்மையைக் கடிதத்தில் எழுதினோம். மறுமொழி வரவில்லை, அதை எதிர்பார்க்கும் உரிமையும் நமக்கில்லை.

தீங்கு சிறிதும் கலவாத நலம் விளையுமாயின் பொய்யையும் ஏற்க வள்ளுவர் இடம் தருகிறார். அந்தக் குறளை அந்நாளில் நாமும் துணைக்கு அழைத்தோம். ஆனால் விளையப்போவது நலமே என்று யார் அறிவார்? நாளை நடப்பதை எவரும் அறியார் என்று வீடுதோறும் சொல்லிப் பாலிசி விற்றவர் நாம். அப்படிப்பட்ட நாமே, நம் பொய்யின் நாளைய விளைவை அறிந்தவர்போல் நடந்தோம். இரக்கம் என்று அதற்குப் பெயரிட்டோம். உண்மையை எழுதியிருந்தால் பரிசோதனை நடந்திருக்கும்; கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கலாம்; விண்ணப்பமே திரும்பியிருக்கலாம். அவ்வாறாயின் முதலாண்டுத் தரகு நம் கைக்கு வந்திராது. இரக்கத்தின் பின்னே அந்தக் கணக்கும் நின்றிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

மூன்று ஆண்டுகள் கடந்தால் எவரும் கேட்க முடியாது என்று இன்று சிலர் ஆறுதல் கூறுவதுண்டு. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு முன்னர் இரண்டாண்டு வரம்பு வைத்திருந்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மூன்றாண்டாக்கி, அதன்பின் எக்காரணத்தாலும் பாலிசியை எதிர்த்து வினவலாகாது என்றது. நேர்மையாளரின் குடும்பத்தை நெடுநாள் கழித்து எழும் வழக்கிலிருந்து காக்கவே இந்த வரம்பு. பொய் சொன்னவர் மூன்றாண்டு உயிரோடிருப்பார் என்று உறுதி கூற எந்த முகவராலும் இயலாது.

பாலிசியில் கையொப்பமிடுபவர் ஒருவர். அதன் பயனைப் பெறுபவர் வேறொருவர். பெரும்பாலும் அவர் அடுத்த அறையில் இருப்பார். உரையாடலைக் கேட்டிருக்கவும் மாட்டார். அந்நிகழ்ச்சிக்குப் பின், மனைவியையும் அருகில் அமரச் செய்து ஒவ்வொரு வினாவையும் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே பேனாவை எடுத்தோம். அதனால் கைநழுவிய வணிகம் உண்டு. இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாரும் தங்கள் பெட்டியில் உள்ள படிவ நகலை இன்றே எடுத்துப் பார்ப்பார்களாக. நகல் இல்லையெனில் கேட்டுப் பெறுவார்களாக. அதில் பொய்யான விடை இருப்பின், திருத்தி எழுதிக் கொடுப்பதற்குக் கையொப்பமிட்டவர் உயிரோடிருக்கும் காலமே ஏற்ற காலம்.