தலைகீழாய் நிற்கும் துணிவு

"இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுங்க." இந்த வாக்கியத்தை இதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? வேலையை மாற்றிக்கொள்ளச் சொன்னபோது சொன்னீர்கள். சொந்தமாய்ச் சின்னதாக ஒரு கடை போடலாமே என்றபோது சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னபோதும், விடியற்காலையில் எழுந்திருக்கச் சொன்னபோதும், ஏன், தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னபோதும் இதே பதில்தான். காலம் சரியில்லை, ஆள்பலம் இல்லை என்று காரணம் அடுக்குகிறீர்கள். உண்மையில் உங்களை யாரும் பிடித்து வைக்கவில்லை. உங்கள் தோளை அழுத்திக்கொண்டிருப்பது உங்கள் கைதான்.

அந்தக் கையை எடுக்கக் கற்றுத்தரும் இடம் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் குப்பம் சாலையில், சிவானந்த யோக வேதாந்த மையம். கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் பழைய மாமல்லபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகள். நைட் ஷிப்ட் முடித்துக் கண்ணெரிச்சலோடு திரும்புகிறவரும், இருட்டிலேயே ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் இறங்குகிறவரும் புழங்குகிற பகுதி இது. இரண்டு பேருக்கும் இந்த யோகம் பொருந்தும். இதை உருவாக்கியவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

அவர் நம் மண்ணின் பிள்ளை. திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்த குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். தாயார் கொடுத்த 100 ரூபாயை முதலாகப் போட்டு 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவப் பத்திரிகையை நடத்தினார். 1913இல் மலேயாவுக்குக் கப்பலேறினார். ஆசாரமான குடும்பம், கப்பல் சாப்பாட்டைத் தொட மனம் வரவில்லை. வீட்டில் கட்டிக்கொடுத்த பட்சணத்தையும் தண்ணீரையும் வைத்தே கடலைக் கடந்தார். கரை இறங்கும்போது உடம்பில் பாதி உயிர்தான் இருந்தது.

அந்த நிலையில்தான் செரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை கேட்டுப் போய் நின்றார். தனி ஆளாக ஒரு மருத்துவமனையைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று தோட்டத்து மேலாளர் கேட்டாராம். ஒன்றென்ன, மூன்றைக்கூடப் பார்த்துக்கொள்வேன் என்று பதில் சொன்னதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். தெரியாத ஊர், தெரியாத துரை, பையில் காசு கிடையாது. நாமாக இருந்தால் "முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் சார்" என்று இழுத்திருப்போம். அவர் சொன்னது வாய்ச்சவடால் என்றால் ஒரே மாதத்தில் வெளுத்திருக்கும். பத்தாண்டு அந்த மண்ணில் நோயாளிகளுக்கு இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்தார். வாயால் சொன்னதை ஒவ்வொரு நாளும் கையால் செய்து கொடுத்தார். நான் தன்னம்பிக்கை என்று சொல்வது இதைத்தான். அது நெஞ்சை நிமிர்த்திக் கண்ணாடி முன் நின்று வரவழைக்கும் ஆவேசத்தில் இல்லை. நமக்கு நாமே கொடுத்த வாக்கை நாம் காப்பாற்றியிருக்கிறோம் என்று நம் உடம்புக்கே தெரிந்திருக்கும் ஒரு நிலை அது.

1923இல் அந்த உத்தியோகத்தையும் வரும்படியையும் உதறிவிட்டுத் திரும்பினார். 1924இல் ரிஷிகேசத்தில் துறவு ஏற்று சிவானந்தர் ஆனார். அப்போது அவருக்கு 36 வயது. நம் ஊரில் 36 என்றால் வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், "இனிமே என்னத்த மாறப் போறோம்" என்ற பெருமூச்சு. அந்த வயதில் அவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்! உங்களைக் குடும்பத்தை விடச் சொல்லவில்லை. வயதைக் காரணம் சொல்வதை விடுங்கள் என்கிறேன். சாமியார் ஆன பிறகும் அவர் டாக்டர் வேலையை விடவில்லை. கங்கைக் கரையில் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே தவம் செய்தார். 1936இல் தெய்வ நெறிக் கழகம். 1963இல் மறையும்வரை எழுதிக் குவித்த நூல்கள் 200க்கும் மேல்.

பத்தமடை என்றதும் உங்களுக்குப் பாய்தானே நினைவுக்கு வரும்? அங்கே கோரையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, துணி மாதிரி மடித்துப் பெட்டிக்குள் வைக்கக்கூடிய பாயாக நெய்கிறார்கள். விறைத்து நின்ற கோரை அப்படி மடிகிறது. உங்கள் முதுகு மட்டும் மடியாதா?

சிவானந்தரின் யோகத்தை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர். 1927இல் கேரளத்தில் பிறந்தவர். ராணுவத்தில் இருந்தபோது குப்பைக் கூடையில் கிடந்த ஒரு தாளில் சிவானந்தரின் எழுத்தைப் படித்துவிட்டு ரிஷிகேசத்துக்கு ரயிலேறினார் என்பார்கள். 1957இல் குரு அவரை மேல்நாட்டுக்கு அனுப்பினார். வழிச்செலவுக்குக் கையில் கொடுத்தது 10 ரூபாய் என்று இன்றும் அந்த மரபில் சொல்லிக்கொள்கிறார்கள். 1959இல் மாண்ட்ரியலில் முதல் மையம். 1983இல், பெர்லின் நகரைச் சுவர் இரண்டாகப் பிளந்து நின்ற காலத்தில், சின்னஞ்சிறு விமானம் ஒன்றில் ஏறி அந்தச் சுவருக்கு மேலாகவே பறந்து கிழக்குப் பக்கம் இறங்கினார். மனிதர் போட்ட எல்லைக் கோடுகள் தனக்குப் பொருட்டில்லை என்று காட்டுவதற்காகவே அதைச் செய்தார்.

குருவின் போதனையை இவர் ஐந்து கட்டளைகளாக வகுத்தார்: சரியான உடற்பயிற்சி, சரியான சுவாசம், சரியான ஓய்வு, சரியான உணவு, நல்லெண்ணமும் தியானமும். கேட்பதற்குச் சாதாரணமாய் இருக்கும். வகுப்புக்குள் போய்ப் பாருங்கள்.

வகுப்பு தொடங்குவதே படுப்பதில்தான். சவாசனம். நாளெல்லாம் ஓடிவிட்டு வருகிற மனிதனிடம் "முதலில் எல்லாவற்றையும் கீழே போடு" என்று சொல்கிற வித்தை இது. பலருக்கு இதுவே பெரும்பாடு. தோள் தரையில் பட மறுக்கும், கை தானாகப் போனைத் தேடும். பிறகு எழுந்து கபாலபாதி, அனுலோம விலோமம், சூரிய நமஸ்காரம். அதற்கப்புறம் பன்னிரண்டு அடிப்படை ஆசனங்கள். அந்தப் பன்னிரண்டில் முதலாவது எது தெரியுமா? சிரசாசனம். ஆசனங்களுக்கெல்லாம் அரசன் என்று பெயர் வாங்கியதைக் கடைசிப் பரிசாக ஒளித்து வைக்காமல் முதல் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

அதை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள். முட்டி போட்டு உட்கார்ந்து, கைகளைக் கட்டி எதிரெதிர் முழங்கைகளைப் பிடித்து அளவெடுக்க வேண்டும். அந்த அகலம் மாறாமல் முழங்கைகளைத் தரையில் ஊன்றி, விரல்களைக் கோத்தால் ஒரு முக்கோணம் விழும். தலையைத் தரையில் வைத்து, பின்மண்டையைக் கோத்த கைக்குள் பொருத்தி, முழங்காலைத் தூக்கிக் கால்விரலால் அடியடியாய் முகத்தை நோக்கி நடந்து வர வேண்டும். இடுப்பு மேலே மேலே ஏறித் தலைக்கு நேராக வரும். பாரம் தலையில் இறங்கக் கூடாது, முழங்கையில் நிற்க வேண்டும். அடுத்து, முழங்காலை மடித்து மார்போடு சேர்த்துப் பாதங்களைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். எகிறி உதைக்க அனுமதி இல்லை. ஓர் அங்குலம் எடுத்தால் போதும்.

அந்த ஓர் அங்குலத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மூச்சு நிற்கும். தாடை இறுகும். வயிறு குழையும். "வேண்டாம், நமக்குச் சரிப்பட்டு வராது" என்று உள்ளே ஒரு குரல் கத்தும். அதே குரல்! இன்டர்வியூ அறை வாசலில் கேட்ட குரல். அப்ரைசல் மீட்டிங்கில் உங்கள் உழைப்புக்கு உரியதைக் கேட்க வாய் திறந்தபோது நாக்கை மடக்கிய குரல். பயம் ஏதோ மனசின் ஆழத்தில் இருக்கிறது என்று நினைத்திருந்தீர்களே, அது தாடையிலும் உதரவிதானத்திலும் உட்கார்ந்திருக்கிறது! இருப்பிடம் தெரிந்துவிட்டால் அதை எழுப்பிவிட முடியும். மூச்சை விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள். முடியவில்லையா, இறங்கிக் குழந்தை ஆசனத்தில் ஓய்வெடுத்துவிட்டு நாளைக்கு மறுபடி வாருங்கள். எத்தனை நாள் ஆனால் என்ன! பாதம் எழும்பும் அந்த நாளில், இதுவரை உங்களை மிரட்டிய எல்லா "முடியாது"களையும் நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உயர் இரத்த அழுத்தம், கழுத்துக் கோளாறு, கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது. மற்றவர்களும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கக் கூடாது. வீடியோ பார்த்து வீட்டுச் சுவரில் காலைத் தூக்கிப் போடுவது வீரம் ஆகாது. சிரசாசனம் செய்ய முடியாதவருக்கும் கதவு மூடவில்லை. மந்தைவெளியில் 1976 முதல் இயங்கும் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இன்னொரு பெரிய மரபு. அவரவர் வயதுக்கும் நோய்க்கும் ஏற்பப் பயிற்சியை வளைத்துத் தர வேண்டும் என்பதே அதன் கொள்கை. 1888இல் பிறந்து 1989வரை வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் முதுமையிலும் இந்தச் சென்னையில் இருந்துதான் கற்பித்தார். ஆகவே "என் உடம்பு வேற மாதிரி" என்ற சாக்கும் இங்கே செல்லாது.

கழுத்துக்குப் பதில் மூச்சிலிருந்து தொடங்குங்கள். வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டை விரல் வலது நாசிக்கு, மோதிர விரலும் சுண்டு விரலும் இடது நாசிக்கு. இடதில் நாலு எண்ணி உள்ளிழுத்து, வலதில் எட்டு எண்ணி வெளிவிட்டு, வலதில் இழுத்து, இடதில் விடுங்கள். நடுவே பதினாறு எண்ணி அடக்கும் முழு அளவு பழகியவர்களுக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அடக்கல் வேண்டாம். எட்டு எண்ணி மூச்சை விடுகிறவனால் கோபத்தில் கத்த முடியாது, செய்து பாருங்கள். ஆபீஸ் மெயிலுக்குப் பதில் அடிப்பதற்கு முன்னால் நாலு சுற்று போதும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இந்த மரபு சைவ உணவைத்தான் சொல்கிறது. அளவாய், புதிதாய்ச் சமைத்தது. ராத்திரி பதினொன்றுக்கு வாசலில் வந்து நிற்கும் பார்சல் உங்கள் விடியலைத் தின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஐந்தாவது கட்டளைதான் உச்சம். அங்கேதான் இந்த யோகம் வேதாந்தத்தோடு கைகோக்கிறது. கைகால் வலிக்கிறது என்று அறிகிறவன் யார்? பயப்படுகிறேன் என்று தெரிந்துகொள்கிறவன் யார்? வலியைப் பார்க்கிறவன் வலியாக இருக்க முடியாது. பயத்தைப் பார்க்கிறவன் பயமாக இருக்க முடியாது. வேலை போன செய்தியையும், வந்த செய்தியையும் ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற அந்தச் சாட்சிக்கு இன்றுவரை ஒரு கீறல்கூட விழவில்லை. உங்கள் சம்பளச் சீட்டும் பதவியும் உடல் எடையும் அதைத் தொட்டதே இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நம் முன்னோர் காட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்த இந்த உண்மையை விட்டுவிட்டு, யாரோ மேலாளர் கொடுத்த மதிப்பெண்ணைக் கொண்டா உங்களை அளந்துகொள்கிறீர்கள்?

இது கேட்டவுடன் சிலிர்க்கும், மறுநாள் மறந்துபோகும். சிவானந்தருக்கு அது தெரிந்திருந்தது. அவர் டாக்டர் அல்லவா. நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரியே சாதகர்களுக்கு ஆன்மிக நாட்குறிப்பு என்று ஓர் அட்டவணை கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணி நேரம் தூங்கினாய்? ஆசனத்துக்கு எவ்வளவு நேரம், ஜபம் எவ்வளவு? எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே கொடுத்துக்கொண்ட தண்டனை என்ன? கோபம் எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது? பதில்களை எண்ணிக்கையில் எழுத வேண்டும். கதை அளக்க இடமே இல்லை. மலேயாவில் வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றிய மனிதர், நாமும் நமக்கே வாக்குக் கொடுத்துக் கணக்குக் காட்டப் போட்டுத் தந்த ஏடு அது.

இன்றைக்கு ராத்திரியே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். எல்லாக் கேள்வியும் வேண்டாம், மூன்று போதும்: எழுந்த நேரம், மூச்சுப் பயிற்சி செய்த சுற்றுகள், வந்த கோபம். நாளைய தேதியைப் போட்டு, எழ வேண்டிய நேரத்தை இப்போதே பேனாவால் எழுதுங்கள். பென்சில் வேண்டாம். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.