‘விளங்கும் பொருட்டு’

அல்குர்ஆன் அறபு மொழியில் இறங்கியது என்பதை அல்குர்ஆனே பல இடங்களிற் சொல்கிறது. ஸூரா யூஸுபின் இரண்டாவது வசனம் அவற்றுள் ஒன்று. நீங்கள் விளங்கிக்கொள்ளும் பொருட்டு இதனை அறபுக் குர்ஆனாக இறக்கினோம் என்பது அதன் கருத்து. நம்மிற் பலர் ‘அறபு’ என்ற சொல்லுடன் நின்றுவிடுகிறோம். முஹம்மத் அஸத் நம்மை வசனத்தின் இறுதிச் சொல்வரை அழைத்துச் செல்கிறார்.

அஸத் 1900 இல் லெம்பேர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1926 இல் இஸ்லாத்தைத் தழுவியவர். அவரது ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கவுரையும் 1980 இல் முழுமையாக வெளிவந்தன. அற்புதங்கள் பற்றிய அவரது விளக்கங்கள் சிலவற்றை உலமாக்கள் ஏற்பதில்லை. எனக்கும் அவற்றில் உடன்பாடில்லை. ஆயினும் இவ்வசனத்தில் அவர் சுட்டுவது சிந்திக்கத்தக்கது. ‘தஃகிலூன்’ என்பதை, அறிவினால் முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல் என்ற கருத்துப்பட அவர் பெயர்க்கிறார். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றுக்கு அறபியில் ‘இகால்’ என்று பெயர். ‘அக்ல்’ என்னும் சொல்லும் அதே வேரில் முளைத்ததே. கட்டாத ஒட்டகம் நம்முடன் தங்குவதில்லை. பற்றிக்கொள்ளாத கருத்தும் அவ்வாறே.

ஸூரா றஃதின் 37 ஆம் வசனத்தை விளக்கும்போது அஸத், ஸூரா இப்றாஹீமின் நான்காம் வசனத்தை நினைவூட்டுகிறார். எல்லாத் தூதர்களும் தத்தம் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டனர் என்கிறது அது. எனவே, முதலிற் செவிமடுத்தோர் அறபிகள் என்பதால் வஹி அறபியில் வந்தது. அவர்கள் வழியாக அது முழு மனித குலத்துக்கும் உரியதாயிற்று.

அப்படியானால் நமக்கு அறபு வேண்டாமா? அஸத் அவ்வாறு சொல்லவில்லை. குர்ஆனை வேறெந்த மொழியிலும் முழுமையாகப் பெயர்த்துவிட முடியாது என்பதே அவர் கருத்து. அறேபியப் பாலைவனத்துப் பதவிகளிடையே வாழ்ந்து அம்மொழியின் உயிரை அவர் அறிந்துகொண்டார். ‘இஸ்லாம்’ என்ற சொல் முதற் செவிகளில் ஒரு சமூகத்தின் பெயராக அன்றி, இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்றே விழுந்தது என்பார். ஆக, விளங்குவதற்காகவே அறபு வேண்டும்.

மொழி ஒரு வாசல் மட்டுமே என்பதற்கு வரலாறு சாட்சி. அபூஜஹ்லுக்கு அறபு தாய்மொழி. ஸல்மான் (ரழி) பாரசீகத்திலிருந்து வந்தவர். வாசலிற் பிறந்தவன் வெளியே நின்றான். தூரத்திலிருந்து வந்தவர் உள்ளே நுழைந்தார்.

ஓதலின் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓர் ஆசிரியன் என்ற வகையிலேயே கேட்கிறேன். வாய்பாட்டை மனனமாக ஒப்புவிக்கும் பிள்ளை கடையில் மிச்சக் காசை எண்ணத் தெரியாது நின்றால், அதற்குக் கணக்குத் தெரியும் என்போமா? குர்ஆனைக் கத்தம் செய்த நம் பிள்ளைகளுட் பலருக்கு, தாம் தொழுகையில் ஓதும் சிறிய ஸூராக்களின் பொருள்கூடத் தெரியாது.

ஸூரா மாஊன் ஏழே வசனங்கள். அநாதையை விரட்டுபவனையும் அற்ப உதவியைத் தடுப்பவனையும் அது கண்டிக்கிறது. ஒருவர் தஜ்வீத் பிசகாமல் அதனை ஓதிவிட்டு, பள்ளிவாசற் படியில் நிற்கும் அநாதையைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஓதியது தன்னைப் பற்றித்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிவிக்கும் பொறுப்பு, எழுத்தைக் கற்றுக்கொடுத்த நம்மையே சாரும்.