சொல்லாமல் விட்டதும் பொய்தானா?

ஆலய பரிபாலன சபையில் இருப்பவர்களிடம் அடியார்கள் அடிக்கடி கேட்பது துடக்கைப் பற்றித்தான். "கொழும்பிலை சித்தப்பா மோசம் போயிட்டார், நாங்கள் பொங்கலாமோ?" என்பார்கள். குருக்கள் ஐயாவைக் கேட்டு நாட்கணக்கைச் சொல்லி விடுவோம். எழுதுவினைஞனாக வேலை பார்த்தவனுக்குக் கணக்குச் சொல்வது பெரிய காரியமல்ல. ஆனால் எந்தக் கணக்கிலும் அடங்காத ஒன்றை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது அதை எழுதலாமா என்று பலநாள் யோசித்தேன்.

1983 தை மாதம். எனக்கு வயது 22. பதுளையில் ஒரு கந்தோரில் முதல் நியமனம். என்னுடன் ஒரே அறையில் இருந்தவர் வடமராட்சியைச் சேர்ந்த சக எழுதுவினைஞர். ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலமாகையால் இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு ஒருநாள் விடுமுறைதான். இரவு மெயிலில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து யாழ்ப்பாண ரயில் பிடித்து, உடனே திரும்பினாலும் அந்த ஒருநாள் காணாது. "ஐசே, இங்கேயே பொங்குவம்" என்றார் நண்பர்.

பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அவர் பானையும் அரிசியும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தந்திச் சேவகர் வந்து அவர் பெயரைக் கூப்பிட, நான் கையொப்பமிட்டு வாங்கினேன். தந்தி என்றாலே நெஞ்சு பதறும் காலம். பிரித்துப் பார்த்தேன். அவருடைய அப்பாச்சி காலமாகிவிட்டார். மறுநாள் பொங்கல் என்பதால் அன்றைக்கே தகனமும் முடிந்துவிட்டது. தாயை இழந்த பிள்ளையான அவரை வளர்த்தவர் அந்த அப்பாச்சிதான் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைய இரவு மெயிலும் போய்விட்டிருந்தது. தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். சற்று நேரத்தில் நண்பர் புதுப்பானையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, மழையில் நனைந்து, சிரித்துக்கொண்டு வந்தார்.

விடியற்காலையில் எழுந்து முழுகினோம். குளிர் பல்லைக் கிட்டியது. வீட்டுக்காரச் சிங்கள அம்மா முற்றத்தைக் கூட்டித் தந்தார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். விறகு தேயிலைக் கட்டை. ஈரமானதால் புகைந்ததே தவிர எரியவில்லை. அந்த அம்மா காய்ந்த பொச்சுமட்டை கொண்டுவந்து செருகிவிட்டார். சித்திரை வருடத்துக்கு அவர்களும் பால் பொங்க வைப்பவர்கள்தானே. பால் வழியாமல் அடுப்பு அணைந்தால் மனம் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் இருந்தது சிவப்புப் பச்சையரிசி இரண்டு கொத்து, வறுத்த பயறு ஒரு பிடி, ஒரு தேங்காய், ஒரு போத்தல் பால். சர்க்கரைக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி. முந்திரிகை வற்றல் வாங்கக் காசு போதவில்லை.

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. "ஐசே, நீர் அரிசியைப் போடும்" என்றார் நண்பர். அந்த இடத்தில் நான் போட்டிருக்கலாம். துடக்குக்காரர் கை படாமல் பொங்கல் முடிந்திருக்கும். என் வாயில் வந்ததோ, "இல்லை, நீரே போடும்" என்பது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் இரு கைகளாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்றுதரம் சுற்றிப் போட்டார். சூரியன் பனிப்புகாருக்குள் மறைந்திருந்தது. இருக்கும் திசையைப் பார்த்துப் படைத்துக் கும்பிட்டோம்.

சாப்பிட்டு முடிந்தபின் தந்தியைக் கொடுத்தேன். "எப்ப வந்தது?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். தந்தித் தாளில் பதுளைத் தபாலக முத்திரை முதல்நாள் திகதியோடு தெளிவாக இருந்தது. நாளெல்லாம் திகதி முத்திரை பார்த்து வேலை செய்பவர் அவர். பார்த்தார். ஒன்றும் பேசாமல் மடித்து வைத்தார். அன்றிரவு மெயிலில் ஊருக்குப் போனார்.

தூரத்தில் நிகழ்ந்த மரணத்துக்குக் கேள்விப்பட்ட நேரத்திலிருந்தே துடக்குப் பிடிக்கும் என்பது பெரியோர் வழக்கு. அப்படியானால் அரிசி போட்டபோது அவருக்குத் துடக்கில்லை. அறிந்திருந்தவன் நான், எனக்கோ அவர் இரத்த உறவல்ல. சாத்திரப்படி பார்த்தால் குற்றவாளியே இல்லாத வழக்கு இது! வள்ளுவப் பெருந்தகையும் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் பக்கம் சேர்க்கிறார். பல வருடம் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் ஆறுதலடைந்தேன்.

ஆனால் "குற்றமற்ற" என்ற சொல்தான் இடிக்கிறது. அவர் ஓரிரவு நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று எண்ணியது உண்மை. வீட்டைப் பிரிந்து வந்த என் முதற்பொங்கல் குழம்பிவிடக் கூடாதென்று எண்ணியதும் உண்மை. இதில் எது முந்தியது? இரக்கமென்று நாம் சொல்வதில் நம்முடைய சௌகரியம் எத்தனை பங்கு? இதை அளக்க என்னிடம் கொத்துமில்லை, தராசுமில்லை. "இப்பதான்" என்ற சொல்லுக்கு மாத்திரம் எந்தச் சமாதானமும் கிடையாது. அது அவருக்காகச் சொன்னதல்ல.

துடக்குக் கழிந்து வந்தபோது எனக்கென்று ஒருகட்டுப் பனங்கிழங்கு கொண்டுவந்தார். தந்தியைப் பற்றிக் கேட்கவேயில்லை. அந்த ஆண்டு ஆடியில் நாடு பட்ட பாடு யாவரும் அறிந்ததே. இருவரும் பதுளைக்குத் திரும்பவில்லை. 2003இல் நல்லூர்த் திருவிழாவில் அவரைக் கண்டேன், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். நானாகவே கதையை எடுத்தேன். "அந்தப் பொங்கலை நினைச்சால் இண்டைக்கும் எனக்கு வாய் இனிக்கும். ஆனால் நீர் செய்தது சரியெண்டு சொல்லமாட்டன்" என்றார். பிறகு இருவரும் கச்சான் வாங்கிக் கொறித்தபடி வீதி சுற்றினோம்.

கடந்த ஆண்டு எமது ஆலயத் திருவிழாவின்போது, இரவு பத்து மணியளவில் ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். "பெரியப்பா கனடாவிலை மோசம் போயிட்டார். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. விடிஞ்சால் எங்கடை உபயம். முடியுமட்டும் சொல்லாமல் விடட்டோ ஐயா?" என்று கேட்டார். உபயத்துக்காக அந்தத் தகப்பன் ஒரு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்ததை நான் அறிவேன். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு, "சொல்லிப்போடும் தம்பி, நானும் வாறன்" என்று அவரோடு போனேன்.

தகப்பனார் விறாந்தையில் இருந்து தேங்காய்க்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். மகன் விஷயத்தைச் சொன்னார். அவர் கைகழுவாமலே எழுந்து நின்று, "எத்தினை மணிக்குச் செய்தி வந்தது?" என்று கேட்டார்.

"ஏழரைக்கு அப்பா" என்றார் மகன்.

உபயத்தை மைத்துனர் பொறுப்பேற்று நடத்தினார். சுவாமி வீதியுலா வந்த நேரம் அவர் தன் வீட்டுப் படலையிலேயே நின்று கும்பிட்டதாகச் சொன்னார்கள்.