குரலும் குரலுக்குரியவளும்

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டிருந்தன. கல்லூரி முடிந்து கம்பத்தில் ஒரு டீக்கடை வாசலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். மாலை போட்ட நாலைந்து பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். அதிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. பத்துப் பதினைந்து நொடி இருக்கும். நிறுத்திவிட்டார்கள்.

"பாத்தீகளா சாமி, என்ன தைரியம் இருந்தா இப்பிடிப் பாடும்?" என்றார் ஒருவர். அடுத்தவர் அந்தப் பெண்ணின் உடையைப் பற்றிச் சொன்னார். மூன்றாமவர் அவளுடைய பிறப்பைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் டம்ளரை வைத்துவிட்டு, "முழுப் பாட்டையும் கேட்டீங்களாண்ணே?" என்றேன். "இதுக்கு மேல என்னத்தம்மா கேக்க?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறினார்.

மறுநாள் வகுப்பில் இதைக் கோபத்தோடு சொன்னேன். அந்தப் பாடகிக்கு ஆதரவாக அரைமணி நேரம் பேசியிருப்பேன். எப்போதும் ஒரு காதில் இயர்போன் மாட்டியிருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேம், நீங்க அந்தப் பாட்ட முழுசாக் கேட்டீங்களா?"

நான் கேட்டிருக்கவில்லை.

டீக்கடையில் நின்றவர்களும் நானும் எதிரெதிர்த் திசையில் ஒரே தவறைத்தான் செய்திருந்தோம். அவர்கள் கேட்காமலே வைதார்கள். நான் கேட்காமலே வாழ்த்தினேன். இரண்டிலும் பாட்டு இல்லை, பாடியவளும் இல்லை. மேடையில் பாடுகிற ஒரு பெண்ணைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு என்ன உரிமை, அந்த உரிமையோடு சேர்ந்து வருகிற கடமை என்ன என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தப் பாடகி இசைவாணி. வடசென்னையின் கானாப் பாடகி. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் இருந்த ஒரே பெண். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. சாதியற்றவர்கள் என்ற அதன் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை இருக்கிறது. பறையும் மின்கிதாரும் ராப்பும் கானாவும் ஒரே மேடையில் ஒலித்தன. கானா, வடசென்னையின் சாவு வீடுகளில் ஆண்கள் பாடி வளர்த்த பாட்டு. அதைப் பெண்ணாக நின்று பாடியதற்காகவே 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார்.

2018 செப்டம்பர் 28 அன்று, எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். மறுத்த அந்த ஒருவர்தான் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. ஆகவே இந்த விஷயத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே கருத்தோடு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இசைவாணி மேடையில் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' என்ற பாட்டு, பெண்களின் கோயில் நுழைவு உரிமையைக் கேட்கிற பாட்டு. சில ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்த மேடைக் காட்சி திடீரென்று கைக்குக் கை பரவியது. அவருக்கு மிரட்டல் அழைப்புகளும் ஆபாசச் செய்திகளும் வந்தன. காவல்துறையில் அவர்மீதும் புகார்கள் தரப்பட்டன, அவரும் புகார் கொடுத்தார். பாட்டை எழுதியதிலும் இசைத்ததிலும் ஒரு குழுவே பங்கேற்றிருந்தது. ஆனால் டீக்கடையில் பேசப்பட்டது ஒரே ஒருத்தியின் உடையும் பிறப்பும்தான்.

மேடைக்கு வந்துவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள் என்று கேட்கலாம். பேசட்டும். பாட்டு பிடிக்கவில்லை, கருத்து ஏற்கத்தக்கதல்ல, என் நம்பிக்கையை இது புண்படுத்துகிறது என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மலைக்குப் போகிறவரின் மனவருத்தத்தைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். அவையெல்லாம் பாட்டுக்கு எதிரான பேச்சு. பாட்டைச் சாட்சியாக வைத்துப் பாடியவளின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதுவது வேறு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நான் இருபது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டி, யாரோ ஒருத்தியை எண்ணியதுபோன்ற பாடல்களைப் பாடுகிறான். மாதவி யாழை வாங்கி, அதே விளையாட்டைத் தொடர்ந்து, வேறொருவனை எண்ணியதுபோல் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். அவன் பாடியது பாட்டு, அவள் பாடியது வாக்குமூலம்! கோவலன் முழுப் பாட்டையும் கேட்டவன், இசை அறிந்தவன். ஆகவே முழுதாகக் கேட்பது மட்டும் போதாது. பாடுகிறவளுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஆணுக்கு நாம் கேட்காமலே கொடுக்கிற அந்த இடைவெளியைப் பெண்ணுக்கும் கொடுக்கத் தெரிய வேண்டும்.

கானல்வரியை மறுபடி நடத்திய அன்று, என்னைக் கேள்வி கேட்ட மாணவி வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள். அவளுடைய அப்பா ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். அவளோ ஹெவி மெட்டல் கேட்கிறவள். "மேம், இது மாதிரியே ஒண்ணு இருக்கு, பாக்குறீங்களா?" என்று ஒரு கச்சேரி வீடியோவைக் காட்டினாள்.

பின்லாந்து நாட்டின் நைட்விஷ் என்ற குழு. 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கியில் நடந்த கச்சேரி. நீண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு. பாடகி தார்யா துருனென் செவ்வியல் பயிற்சி பெற்றவர். கிதாரும் டிரம்மும் இடிபோல விழ, அவற்றுக்கு மேலே அவர் குரல் ஏறி நிற்கிறது. எனக்கு அந்த இசை பழக்கமில்லை. ஆனாலும் கையை எடுக்காமல் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகுதான் மாணவி மிச்சத்தைச் சொன்னாள். அந்தக் கச்சேரி முடிந்ததும் குழுவிலிருந்த நான்கு ஆண்களும் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். இனி நீ எங்களோடு இல்லை என்றது கடிதம். பணத்தையே பெரிதாக நினைக்கிறாய் என்றது, கணவரையும் குறை சொன்னது. பிறகு அதை ஊரறிய வெளியிட்டார்கள். அந்த இரவின் பதிவு மறு ஆண்டு, ஒரு காலத்தின் முடிவு என்று பொருள்படும் 'எண்ட் ஆஃப் அன் எரா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. ஒரு குழுவுக்குள் நடந்ததை அவர்கள்தான் அறிவார்கள். ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. மாணவியின் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் இதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்களாம். அவள் முகத்தில் திமிர் தெரிகிறதா, சோகம் தெரிகிறதா என்று தேடுவார்களாம். நடக்கப்போவதை அறியாமல் ஒருத்தி பாடிக்கொண்டிருக்கிறாள். அறிந்தவர்கள் அவள் முகத்தில் குற்றம் தேடுகிறார்கள்.

அத்தோடு முடியவில்லை. அடுத்து வந்தவர் அனெட் ஓல்சோன். 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் அவர் மருத்துவமனையில் இருந்தபோது, வேறு இரண்டு பெண்களைப் பாடவைத்துக் குழு கச்சேரியை நடத்தியது. சில நாட்களில் அவரும் குழுவில் இல்லை. பயணத்தின் நடுவிலேயே புளோர் யான்சென் வந்து சேர்ந்தார். 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் அவர் பாடிய வீடியோவும் புகழ்பெற்றது. இப்போது அண்ணனும் கூட்டாளிகளும் மூன்று பெண்களையும் வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடுகிறார்கள். முதலாமவள்தான் ராணி, இரண்டாமவள் தண்டம், மூன்றாமவள் காப்பாற்றினாள். "இத்தன வருசத்துல வாசிச்ச ஆம்பளைங்க ஒருத்தருக்கும் மார்க் போடல மேம்" என்றாள் மாணவி.

சொந்தக்காரி மாறினாலும் குரல் என்ற இடம் காலியாகாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற ரசனை இது. கொஞ்சம் யோசித்தால் இது பின்லாந்தின் கதை மட்டுமல்ல. எங்கள் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் இருக்கிறது. இளையராஜா சிறுவனாக இருந்தபோது, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பெண் குரலில் பாடியவர். அந்தப் பையனின் திறமையை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்த மேடைக்குப் பெண் குரல் தேவைப்பட்டிருக்கிறது. ஊர் ஊராகப் போய் உரிமை பேசிய மேடை. வயலில் நடவுப் பாட்டு எடுக்கிற பெண்கள் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இருந்தும் அந்தக் குரல் ஒரு பையனின் தொண்டையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. பாடிய சிறுவனின் குற்றமல்ல அது. ராத்திரி மேடையேறுகிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஊர்ப்பேச்சுக்கு அன்று ஓர் எல்லையாவது இருந்தது. கச்சேரி விடிந்தால் முடிந்துவிடும். வீடியோ முடிவதில்லை. 2005இன் தார்யா இன்றைக்கும் அந்தக் கடிதத்தை நோக்கிப் பாடிக்கொண்டிருக்கிறார். சென்னை மேடையில் பாடிய இசைவாணி, அந்த மேடையை அறியாதவர்களின் கையில் பதினைந்து நொடியாகச் சுருங்கிக் கம்பத்தில் நிற்கிறார். அவர்களுடைய பேச்சுக்கு அவர்கள் எதையும் இழக்கவில்லை. அதன் விலையை அவர் இரவு பகலாகக் கொடுத்தார்.

அப்படியானால் கருத்தே சொல்லக்கூடாதா? என் அப்பத்தா உத்தமபாளையம் பக்கத்து ஊர்க்காரர். ஒப்பாரிக்குப் பேர் போனவர். சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து அழுவார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அங்கேயும் விமர்சனம் உண்டு. "என்னடி, சரக்கில்லாம அழுகுற" என்று ஒருத்தி முணுமுணுத்தால், பாடியவள் திரும்பிப் பார்த்து, "சரிதாத்தா, அடுத்தத நீ எடு" என்பாள். குறை சொன்னவள் எடுத்தே ஆக வேண்டும். சிறுமியாக அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது அதில் ஓர் அறம் தெரிகிறது. குறை சொல்கிறவள் அந்த வட்டத்துக்குள் இருந்தாள். பாடியவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த முறை தானும் கேட்கப்படுவாள் என்று அறிந்து சொன்னாள்.

எல்லாரும் பாட முடியாது. ஆனால் அந்த வட்டத்தின் விதியை நாம் எங்கிருந்தும் பின்பற்றலாம். பாட்டை முழுதாகக் கேட்கலாம். பாடியவளையும் பாட்டையும் ஒன்றாக்காமல் இருக்கலாம். அவள் நேரில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்வேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ஆதரவாகப் பேசுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கேட்காமல் ஆதரிக்கும்போது நான் அவளை என் வாதத்துக்கு ஓர் உதாரணமாக்கிவிடுகிறேன். அவளுடைய உழைப்பு, மூச்சு, தாளம் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. அங்கேயும் பாடியவள் காணாமல்தான் போகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டை முழுதாகக் கேட்டேன். அம்மா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது தாண்டும்வரை காத்திருந்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் இருமுடி கட்டி மலையேறியவர் அம்மா. அவர் காதிலும் விழட்டும் என்றுதான் சத்தமாக வைத்தேன். முடிந்ததும் கேட்டேன்.

"எனக்கு ஒப்பலத்தா. சாமிகிட்ட இப்பிடிக் கேக்க எனக்கு வராது" என்றார். கொஞ்ச நேரம் கை மொச்சையிலேயே இருந்தது. "ஆனா நல்ல தொண்ட. யார் பெத்த புள்ளையோ, இதுக்குப் போயி எல்லாரும் வையிறாகளாக்கும்?"

டீக்கடையில் ஒருவர் பேசியதும் அவள் பிறப்பைப் பற்றித்தான். அம்மா கேட்டதும் யார் பெற்ற பிள்ளை என்றுதான்.

திங்கட்கிழமை மாணவியிடம் போய், "கேட்டுட்டேன்" என்றேன். "பிடிச்சுதா மேம்?" என்றாள். பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.